மூன்று கேபிள்களும் ஒரு வலது காதும்

கடலூர் முதுநகரில் ஒரு கல்யாண வரவேற்பு. இரண்டாவது பாட்டின் சரணத்தில் எங்கள் பாடகர் குமரவேல் வலது காதைச் சுட்டிக்காட்டி என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். மிக்சரில் ஒலியை ஏற்றினேன். அவர் இன்னும் வேகமாகச் சுட்டினார். அதற்குள் சுருதி இறங்கிவிட்டது. பெண்ணின் சித்தப்பா மட்டும் கைதட்டினார். அவர் பந்திக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

2010 வாக்கில் நடந்தது இது. வாரநாட்களில் நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டேன். முகூர்த்த நாட்களில் கடலூர் மெல்லிசைக் குழு ஒன்றுக்கு மிக்சர். இரண்டு இடத்திலும் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

கேபிள் களைத்த கதை

பாடகர் தன் குரலையும் சுருதியையும் காதுக்குள்ளேயே கேட்டுப் பாட வைப்பது இன்-இயர் மானிட்டர். அதை இடுப்பிலுள்ள ரிசீவரோடு சேர்ப்பது கேபிள். தேவையென்றால் கழற்றி வேறு மாட்டலாம். குமரவேலின் செட் சிங்கப்பூரிலிருந்து மச்சான் அனுப்பியது. அதைவிட விலை உயர்ந்த பொருள் குழுவில் ஒன்றுதான்: தலைவர் ஆரோக்கியம் மாஸ்டரின் கீபோர்டு.

அன்று வேனில் திரும்பும்போது மாஸ்டர் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல பெரிய எடம். அங்கயும் இப்படி எறங்குனா பண்ருட்டி பையனத்தான் பாட வெப்பேன். அப்புறம் கோச்சிக்காத குமரவேலு."

"தொண்ட நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். கேபிள்தான் டயர்டு ஆயிடுச்சி. கடக்காத்து."

கடற்காற்றில் கேபிள் முனையிலுள்ள உலோகப் பின் பச்சை பிடிக்கும். கம்பி களைத்துப்போனதாக இயற்பியலில் பதிவில்லை. ஆனால் குமரவேலிடம் ஆதாரம் இருந்தது. அதற்குள் இரண்டு கேபிள் மாற்றிவிட்டார். திங்கட்கிழமை புதுசு மாட்டுவார், புதன்கிழமை ஒத்திகையில் கண்ணாடி மாதிரி கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மேடையில் வலது காது மறுபடி மந்தமாகிவிடும்.

மூன்றாவதாக வந்தது வெள்ளிக் கம்பி.

"ஹை எல்லாம் சும்மா ஜிலுஜிலுன்னு வருது சார்."

உயர் ஒலிகளைச் சொல்கிறார். வாங்கிக் கேட்டேன். ஜிலுஜிலு எனக்கு வரவில்லை. கேபிள் மட்டும் விறைப்பாக இருந்தது. அவருடைய ஜரிகைக் காலரில் அது உரசும்போதெல்லாம் காதுக்குள் யாரோ சாக்கு மூட்டை இழுத்தார்கள். மேடைக்குக் கேபிள் வாங்குகிறவர்கள் கம்பி எந்த உலோகம் என்பதைக் கடைசியாகக் கேட்டால் போதும். சட்டையில் உரசினால் சத்தம் வருகிறதா, பின் இறுக்கமாக உட்காருகிறதா என்பதுதான் முதலில். இதைச் சொன்னேன்.

"உங்களுக்கு வயசாயிடுச்சி சார், ஹை கேக்காது," என்றார். அதுவும் உண்மைதான்.

ஒப்பனை அறையில்

சிதம்பரம் மண்டபம். மேடை ஏற அரைமணி நேரம்.

"சார், போச்சி. வலது காது போச்சி."

மாஸ்டர் ஏற்கெனவே பண்ருட்டி பையனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "சட்டைய மாட்டிகிட்டு பஸ் ஸ்டாண்டுலயே நில்லு. சொன்னா ஏறு."

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என் வழக்கம். முதலில் பழைய கேபிளை மாட்டினேன். அப்போதும் மந்தம். பிறகு இடது, வலது காதுக் கருவிகளைக் கேபிளில் இடம் மாற்றினேன். மந்தம் வலது கருவியோடு சேர்ந்து போனது. ஆக, மூன்று கேபிளும் நிரபராதிகள். ரப்பர் மூடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒலி வரும் வாயிலுள்ள மெல்லிய வலை பளபளத்தது. முகர்ந்தேன்.

"நல்லெண்ணெய்," என்றேன்.

வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றிருந்த அவர் மனைவி செல்வி சாதாரணமாகச் சொன்னார்: "நேத்து சனிக்கெழமல்ல சார்? தலைக்கு எண்ண வெச்சி, காதுலயும் ரெண்டு சொட்டு உட்டேன். பாட்றவருக்கு சூடு ஜாஸ்தி."

"வலது காதுல மட்டுமா?"

"இடது காதுல சீழ் வந்தப்ப டாக்டர் எண்ண உடாதன்னுட்டாரு. அந்தக் காதுதான சார் காமிச்சோம்?"

குமரவேல் கூரையைப் பார்த்தார். திங்கட்கிழமைதோறும் புதுக் கேபிள் மாட்டும்போது எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்திருக்கிறார், வலை உட்பட. பெயர் கேபிளுக்குப் போய்விட்டது.

கருவியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, பிரஷில் துளி ஸ்பிரிட் தொட்டு வலையைச் சுத்தம் செய்தேன். காதை அவர் துணியால் ஒற்றிக்கொண்டார். முதல் பாட்டில் சுருதி அசையவில்லை. மாஸ்டர் கீபோர்டை ஒரு கையால் வாசித்தபடியே மறு கையால் போனை எடுத்து, "வீட்டுக்குப் போடா," என்றார்.

பிறகு

எண்ணெய்க் குளியலை நிறுத்தச் செல்வி சம்மதிக்கவில்லை. ஆண்களுக்குப் புதன்கிழமையும் ஆகும் என்பதால் கிழமையை மட்டும் மாற்றினார். வலது காதுக்கும் எண்ணெய் வேண்டாம் என்று ஒரு டாக்டர் மறுபடி சொல்லவேண்டியிருந்தது. புதன்கிழமை ஒத்திகைக்குக் குமரவேல் எண்ணெய் வழிய வருவார். கருவியை மட்டும் தொடமாட்டார்.

இளம் டெக்னீஷியன்களுக்கு: கேபிளை மாற்றுவதற்கு முன், நேற்று என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்பது உத்தமம்.

பண்ருட்டி பையனும் பின்னால் குழுவில் சேர்ந்தான். இவ்வளவு துல்லியமாக எப்படிக் கேட்கிறது என்று ஒருநாள் அவன் கேட்டான். குமரவேல் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் இந்த சில்வர் கேபிள்தான் மாப்ள. ஆனா ரொம்ப சென்சிட்டிவ். காதுல எண்ண உட்டா அதுக்கு ஒத்துக்காது," என்றார்.

நான் மறுக்கவில்லை. விளக்கம் தப்பு, செய்முறை சரி.