அக்காவின் தாகமும் ஒரு சிமிழ்ப் பொடியும்

சென்ற செவ்வாய்க்கிழமை நெய்யாற்றங்கரைத் தாலுகா கச்சேரியில் வேலையாக இருந்தேன். பாறசாலையிலிருந்து அத்தான் அனுப்பிய ஆள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. நானே எழுந்து வாசலுக்குப் போனேன்.

"பிள்ளைவாள், அக்கா போயிட்டாவ" என்றார்.

மருந்து தீர்ந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டேன்.

"மருந்து உண்டு. மூக்கு அடைச்சிருந்து, ஏறல்ல."

என் தமக்கை பகவதியம்மாள் அவர்கள் காலமான செய்தி எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமாகிச் சில வருடங்களில் அக்காவைத் தாகம் பிடித்துக்கொண்டது. குடம் குடமாகக் குடிப்பார்கள். குடித்தது அத்தனையும் பச்சைத் தண்ணீராகவே போய்விடும். நீரிழிவு என்றார்கள், சோதித்தால் சர்க்கரை இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அத்தான் தங்கமான மனிதர். குடிப்பதால்தானே போகிறது, தண்ணீரைக் குறைத்தால் நோயும் குறையும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரு நாள் காலையில் கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் மச்சில் ஏற்றிவிட்டு, அடுக்களையையும் பூட்டிவிட்டார். அன்று மதியம் நான் தற்செயலாக அங்கே போனேன். வீட்டுக்குள் அக்கா இல்லை. தொழுவத்தில், மாட்டுத் தொட்டியில் முகத்தைக் கவிழ்த்து, மண்டியிட்டிருந்தார்கள். "அக்கா" என்றேன். நிமிர்ந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. "நீ ஆரு?" என்று என்னைக் கேட்டார்கள். என் ஆயுசில் அப்படி நான் பயந்ததில்லை. அத்தான் பின்னாலேயே ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாளே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். மூளைக்கு அடியில் பயறளவு ஒரு சுரப்பி உண்டு, உடம்பில் நீரைப் பிடித்துவைப்பது அதன் சாறுதான், இவர்களுக்கு அது சுரக்கவில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். ஊசி போட்டார். போட்ட சற்று நேரத்தில் அக்காவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். "கொன்னு போட்டீரே டாக்டரே!" என்று அத்தான் அவர் கையைப் பிடித்துவிட்டார். டாக்டர் பொறுமையாகக் காத்திருக்கச் சொன்னார். வலி தணிந்தது. சாயங்காலம் நான் நிறைகுடத்தை அருகில் வைத்தபோது அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேண்டாம்லே, மக்கா. தாகமே இல்ல" என்றார்கள். நான் வெளியே போய் அழுதேன்.

பிறகு அதே மருந்து பொடியாகக் கப்பலில் வந்தது. மூக்குப்பொடி போல ஒரு சிட்டிகை இழுக்க வேண்டும். மாட்டின் தலையிலிருந்து எடுப்பதென்று கேட்டதும் அத்தான் பொடிச் சிமிழை உள்ளே கொண்டுபோகாமல் திண்ணையிலேயே வைத்துவிட்டார். கவிச்சி அடுப்பேறாத வீடு அது.

அக்கா சிமிழைத் திறந்தார்கள். "சிவனையே சுமக்கிய காளையாக்கும். கூட என்னையும் சுமந்தா கொறைஞ்சா போவும்?" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். இழுத்ததும் ஒரு பெருந்தும்மல்.

ஆனால் பயம் எங்களை விடவில்லை. கப்பல் தாமதமானால் தாகம் திரும்பிவிடும். மருந்து ஏறியிருக்கும்போது பழைய வழக்கத்தில் குடம் குடமாகக் குடித்தாலோ நீர் தலைக்கேறி ஆளையே கொன்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அக்கா தண்ணீர் கேட்டாலும் எனக்குப் பயம், கேட்காவிட்டாலும் பயம்.

"எலே, சீக்காளி நானா நீயா?" என்பார்கள்.

ஒரு முறை கடல் பார்க்க வேண்டும் என்று எங்களைப் பொழியூருக்கு இழுத்துப் போனார்கள். தாகக்காரியாக இருந்த காலமெல்லாம் நினைத்தும் பார்க்க முடியாத பயணம் அது. மணலில் நின்றுகொண்டு, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு வாய்க்கு ஆவாது பாத்தியா!" என்று சிறுபிள்ளை போலச் சிரித்தார்கள். நான் மடியிலிருந்த சிமிழைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைப் பார்த்ததாக நினைவில்லை.

இந்த மழைக்கு அவர்களுக்குச் சாதாரண ஜலதோஷம்தான் வந்தது. மூக்கு அடைத்துக்கொண்டதால் பொடி உள்ளே போகவில்லை. கூடவே காய்ச்சல் ஏறியது. ஊசிமருந்துக்குத் திருவனந்தபுரம் போன ஆள் திரும்புவதற்குள் நினைவு தப்பிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்று கேட்கவும் முடியவில்லை, வாயில் விட்டால் விழுங்கவும் முடியவில்லை. அத்தான் துணியை நனைத்து உதட்டில் பிழிந்தபடியே இருந்தாராம். எதற்கெல்லாமோ பயந்த நான், ஒரு ஜலதோஷத்துக்குப் பயப்பட வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

எங்கள் வீடுகளில் நீர்மாலை எடுக்கும் வழக்கம் உண்டு. இறந்தவரைக் குளிப்பாட்ட, உடன்பிறந்தவர்கள் வேட்டியை மேலே விரித்துப் பிடித்துக் குடத்தில் நீர் கொண்டு வருவார்கள். நான்தான் கொண்டுவந்தேன். குடத்தைத் தலைமாட்டில் இறக்கியபோது தண்ணீர் தளும்பியது. அந்தச் சத்தம் கேட்டால், தூக்கத்திலும் அக்காவின் கை குடத்தைத் தேடி நீளும். குனிந்தபடியே நின்றேன். நகரும்படி பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், நகரவில்லை. அக்காவின் கை வரவில்லை. அவர்கள் போய்விட்டார்கள் என்று அப்போதுதான் நம்பினேன்.

தாகமில்லாத இடத்துக்குப் போய் வாருங்கள், அக்கா.