மூன்றாம் டிவிஷன் ஹால்ட்டுக்கு நான் வைத்த புள்ளி

1. படியேறி வந்தவர்

புதன்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. மலேசியாவின் சிரம்பானில், லோபாக் பகுதியில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரயில் படம் போடுற ஆபீஸ் இதானுங்களா?"

"ஆமாண்ணே, உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. "எங்க ஸ்டேசன எதுக்குத் தம்பி எடுத்துட்டீங்க?"

அவர் பெயர் மாரிமுத்து. சிரம்பானுக்கும் கெமாஸுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் கங்காணி. தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அதன் மூன்றாம் டிவிஷன் ஓரமாக ஒரு ஹால்ட் இருந்தது. டிக்கெட் கவுண்டர் கிடையாது, ஒரு தகரக் கூரையும் உட்கார ஒரு பலகையும் மட்டும்தான். ஆட்கள் நின்றால் காலை ரயில் நிற்கும். அந்த ரயிலில்தான் அவர் மனைவி லெட்சுமி வாரத்துக்கு மூன்று முறை சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போய்வந்தார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. புதிய கால அட்டவணை வந்த நாளிலிருந்து ரயில் நிற்கவில்லை.

"கம்பிச்சடக்கு ஓரமா, தண்டவாளத்துக்குக் கிட்ட நின்னு கையக் காட்டுறோம், டிரைவரு பாத்துக்கிட்டே போறாரு. கேட்டா லிஸ்டுல இல்லியாம். லிஸ்டு இங்கருந்துதான் போச்சாம்லா?"

2. அணைத்து வைத்த லேயர்

தொண்ணூறுகளின் கடைசி அது. இணையம் எங்கள் ஊருக்கு வந்து அதிக நாளாகவில்லை. பழைய தாள் டிராயிங்குகளை டிஜிட்டைசர் பலகையில் விரித்து, ரயில் பாதையையும் நிலையங்களையும் புள்ளி புள்ளியாகக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அது இணையப் பக்கமாகப் போகும். நிலையத்தை அழுத்தினால் ரயில் நேரம் தெரியும். புதிய அட்டவணைக்கான நிறுத்தப் பட்டியலையும் அதே கோப்பிலிருந்து நாங்கள்தான் ரயில்வேக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம்.

நிலையங்களை ஒரு லேயரிலும் ஹால்ட்டுகளை இன்னொரு லேயரிலும் வைத்திருந்தேன். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. வேண்டாததை அணைத்துவிடலாம். ஹால்ட்டுகளின் எழுத்து நிலையங்களின் எழுத்தின் மேல் ஏறி அசிங்கமாக இருந்ததால் அந்த லேயரை அணைத்து வைத்தேன். பட்டியல் எடுத்த அன்று அதைத் திரும்பப் போட மறந்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் திரையில் இருந்ததைத்தான் சரிபார்த்தேன்.

மாரிமுத்துவிடம், "என் தப்புண்ணே, சரி பண்ணிடுறேன்" என்றேன். அவர் திட்டவில்லை. "சீக்கிரம் தம்பி. இப்போதிக்கு ஆபீஸ் கிராணி தோட்டத்து வேனக் குடுக்குறாரு. எத்தன நாளைக்குக் குடுப்பாரு?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

முதலாளி ஜெயசீலன் சிரித்தார். "ஸ்கேல முழுங்கிட்டுப் பொறந்தவன்லா நீ! நீயே விட்டுட்டியா? லெட்டர் அடி, நான் சைன் பண்றேன்." அன்று மதியமே திருத்திய பட்டியலுடன் ரயில்வேக்குக் கடிதம் போனது. மறுநாள் பதில் வந்தது: அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ரயில் நிற்கும். அதற்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது.

3. வெள்ளிக்கிழமை செய்தது

இணையப் பக்கத்தை மாற்ற யார் கையெழுத்தும் தேவையில்லை, அது என் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஹால்ட் லேயரைப் போட்டேன். எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் செய்தேன். மூன்றாம் டிவிஷனை அழுத்தினால் காலை ரயிலின் நேரம் வந்தது. மனது லேசானது. உடனே தோட்டத்து ஆபீஸுக்குப் போன் போட்டேன். கணக்கெழுதும் கிராணி பாலன் எடுத்தார்.

"கிராணி, உங்க ஹால்ட்டு வந்துருச்சு. கம்ப்யூட்டர்ல பாருங்க."

"அப்படியா? போன வச்சதும் இன்டர்நெட் லைன் போட்டுப் பாக்குறேன். மண்டோரு ரொம்பச் சந்தோசப்படுவாருலா. ரொம்ப நன்றிங்க."

முதல் தேதி என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. புள்ளி வந்துவிட்டது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

4. திங்கட்கிழமை

பாலன் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். நேரம் போட்டிருந்தது. வேனைத் திங்கட்கிழமை உரம் ஏற்ற அனுப்பிவிட்டார். மாரிமுத்துவும் வேன் வேண்டாம், ரயில் வருகிறது என்று சொல்லிவிட்டார்.

மாரிமுத்துவும் லெட்சுமியும் ஆறரை மணிக்கே ஹால்ட்டில் போய் நின்றார்கள். ரயில் நிற்காமல் போனது. தாமதமாக இன்னொன்று வரும் என்று லெட்சுமியைப் பலகையில் உட்கார வைத்தார். பத்து மணிக்கு வந்ததும் நிற்கவில்லை. லெட்சுமிக்குக் காலெல்லாம் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தபின் மாரிமுத்து மெயின் ரோட்டுக்கு ஓடி, செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரியை நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை விடியுமுன் லெட்சுமி இறந்துபோனார். பாலன்தான் போனில் சொன்னார். "என்னாங்க, நீங்க வந்துருச்சுன்னு சொன்னீங்களே" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மாரிமுத்து அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி எழுந்து பின் அறைக்குப் போய்விட்டார்.

"எங்க ஸ்டேசன் எங்கருக்கு தம்பி? காட்டுங்க."

காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். விரலால் திரையைத் தொட்டார்.

"இது நாங்க நின்ன அன்னிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"ம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

முதல் தேதி நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஹால்ட்டுக்குப் போனேன். ரயில் ஆறு ஐம்பத்திரண்டுக்கு நின்றது. அதன்பிறகு, ரயில் நின்றதை நான் அங்கே போய்ப் பார்க்காமல் எந்த நிறுத்தத்தையும் இணையப் பக்கத்தில் போட்டதில்லை. ஜெயசீலன் இதற்காக இரண்டு முறை என்னைக் கண்டித்தார், ஒருமுறை வேலையே போகும் நிலை வந்தது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு லேயரைப் பற்றி யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. உங்கள் புள்ளியை ரயில் ஓட்டுபவர் பார்ப்பதில்லை. ரயிலுக்குக் காத்திருப்பவர்தான் பார்க்கிறார். அதை நம்பி அவர் கையில் இருக்கும் வேனை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.