அருள்தாஸ் கண்டுபிடித்த சி கோர்டு

ரப்பர் பால் வெட்டுகிறவனுக்குக் கிட்டார் எதற்கு என்று கேட்கிறவர்கள் யட்டியாந்தோட்டைப் பக்கம் நிறையப் பேர். கேட்டாலே அருள்தாஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். விடியலில் பால் வெட்டி, பகலுக்குள் நிறுத்துக் கொடுத்துவிட்டால், பின்னேரம் அவருக்கும் மாதா கோயில் கிட்டாருக்கும்தான். எழுபதுகளின் ஆங்கில ராக் பாட்டுகளைப் போனில் பாதி வேகத்துக்கு இறக்கி, ஒரே வரியை நாற்பது தடவை கேட்பார். முதலில் மெட்டை முணுமுணுப்பார். பிறகு அதற்கு அடியில் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, அதாவது கோர்டு, எது என்று துழாவுவார்.

ஏ, சி என்று கோர்டுகளின் எழுத்துகள் தெரியும்; எது என்ன வேலை செய்கிறது என்பதற்கு இசைப் புத்தகத்துப் பெயர்கள் தெரியாது. அதனால் என்ன, தோட்டம் இருக்கிறதே! பாட்டு வந்து இளைப்பாறும் கோர்டு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுபோல, 'லயம்'. அதற்கு முன்னால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பதுபோல் பொறுமையில்லாமல் நிற்கிற கோர்டு 'பெரட்டு'. பெரட்டுப் பக்கமே போகாமல் லயத்துக்குக் கொண்டுவந்து விடுவது 'குறுக்கு'.

"பாட்டு கத்துக்கிறீங்களா, தோட்டத்துக்கு மேப் போடுறீங்களா?" என்பாள் மனைவி நிருஷா.

தோட்டத் துரையின் பழைய பங்களா ஹோட்டலானது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அதே ஆங்கில ராக் பாட்டுகளை வாசிக்க ஆள் வேண்டுமாம். கேட்கத் தெரிந்த நாலு பேர் முன்னால் ஒருமுறையாவது வாசித்துவிட வேண்டும் என்று அருள்தாஸ் போனார். கொழும்பிலிருந்து வந்த மெனேஜர் கஜேந்திரன் கிட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தோட்டத்து ஆள்தானே? தலைப்பா கட்டி வாசல்ல நின்டு தப்பு மேளம் அடியுங்கோ. டூரிஸ்ட்டுக்கு அதுதான் பிடிக்கும்."

"தப்படிக்கத் தெரியாதுங்க சேர். நான் கோயில்ல கிட்டார் வாசிக்கிறவன்."

"உங்கட ஆக்களுக்கு அது ரத்தத்திலயே இருக்குமே!"

எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தாரோ! தப்படிக்கக் கை வலிக்க வலிக்கக் கற்றவர்களையும் சேர்த்து, ஒரே வாயால் எத்தனை பேரை அவமதித்தார்!

அருள்தாஸ் படியிறங்கும்போது, அந்த ஞாயிறுச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கொழும்பு பேண்ட் ஒன்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மூன்று வாரம் மல்லுக்கட்டிய பாட்டு. இரண்டாவது கோர்டில் கிட்டார்காரர் சசி ஏ போட்டார். மெட்டும் கோர்டும் முட்டிக்கொண்டன. மறுபடியும் அதே ஏ. மூன்றாவது தடவை அருள்தாஸ் மேலே ஏறிவிட்டார்.

"தம்பி, அங்க பெரட்டு இல்லங்க, குறுக்கு!"

"என்ன அண்ணே?"

"ஏ போடாதீங்க. பாடுறவரு நிக்கிற சுரம் அதுக்குள்ள இல்லவே இல்ல. சி போடுங்க. அங்கருந்து ஜி, அப்புறம் டி. வீட்டுக்கு வந்துருவீங்க."

சசி போட்டார். மெட்டு பொருந்தி உட்கார்ந்தது. டிரம்ஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நாலு வருஷமா பிழையாவா வாசிச்சிருக்கிறம்! அண்ணே, குசினிப் பக்கம் வாங்க, மத்தப் பாட்டுகளையும் காட்டித் தாங்க" என்றார் சசி.

"சமைக்கிற குசினிக்கு எதுக்குங்க? இங்கயே ஒரு நாற்காலி போடுங்க, சேர்ந்து வாசிக்கலாம்."

கஜேந்திரன் ஓடிவந்தார். "மேடை ஆர்ட்டிஸ்ட்டுகளுக்கு மட்டும்."

சசி கிட்டார் கம்பியில் ஏதோ தூசி இருந்ததுபோல் துடைத்தார். அந்தத் துடைப்புதான் அருள்தாஸைச் சுட்டது.

"சரிங்க தம்பி. இந்தப் பாட்டுல இன்னும் ரெண்டு பிழை இருக்கு. நாற்காலி போடுற அன்னிக்கு எங்கன்னு சொல்றேன்."

அவர் போய்விட்டார். மதியச் சாப்பாடு முழுக்கச் சசி ஒவ்வொரு கோர்டையும் பயந்து பயந்து வைத்ததாகக் கேள்வி.