ஏ ஷிப்டுக்கும் பி ஷிப்டுக்கும் நடுவில் ஒரு மேகம்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மின்கம்பம் இன்னும் வரவில்லை. கூரைமேல் ஆறு சோலார் தகடு, மாடிப்படிக்கு அடியில் நான்கு பேட்டரி. இதுதான் எங்கள் மின்வாரியம். அதன் பொறியாளரும் திட்டு வாங்கும் லைன்மேனும் நானே.

வீட்டில் எல்லாம் வெயிலைக் கேட்டுத்தான் ஓடும். பதினொரு மணிக்கு மனைவியின் கிரைண்டர், பன்னிரண்டுக்குத் தண்ணீர் மோட்டார், இரண்டுக்கு என் கம்ப்யூட்டர். நாற்பத்தெட்டு வயதில் கேம் ஆடவென்றே வாங்கியது. கிரைண்டரைவிட அதிகம் குடிக்கும்.

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஏ ஷிப்டுக்கும் பி ஷிப்டுக்கும் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டைப் போட்டி. ஞாயிறு மதியம் இறுதி ஆட்டம், அவரவர் வீட்டிலிருந்து. "ஊருக்கே கரண்டு போனாலும் எங்க வீட்ல போகாது" என்று கேண்டீனில் எழுந்து நின்று சொல்லியிருந்தேன். தோற்றால் பரவாயில்லை. பாதியில் அணைந்தால் திங்கட்கிழமை அந்தக் கேண்டீனுக்குள் நான் எப்படிப் போவது?

ஆட்டம் தொடங்கியதும் மேகம் வந்தது. பேட்டரி அறுபத்திரண்டு சதவீதம். சுடப்பட்டுச் செத்தால் ஒரு வசதி, அடுத்த சுற்றுக்குள் ஓடிப்போய்ப் பேட்டரியைப் பார்த்துவிடலாம். ஐம்பத்தெட்டு. பிறகு பார்ப்பதற்காகவே சாக ஆரம்பித்தேன்.

"குரு, என்ன குரு, உடனே உடனே சாவுறீங்க?" ஹெட்செட்டில் எங்கள் கேப்டன். ஆனேக்கல்காரர், கன்னட வழக்கப்படி எல்லாரும் அவருக்கு 'குரு'தான்.

ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன்.

"ஏங்க, வேர்த்து ஊத்துது, ஃபேனப் போடுங்க" என்றாள் மனைவி.

"ஏ ஷிப்டு மானம் போவுதுடி."

"அது எப்ப இருந்துச்சி?"

ஆட்டம் சமநிலை. கடைசிச் சுற்று. ஐம்பத்தொன்று. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பச்சை விளக்கு வீணாக எரிவதைப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன். திரையில் என் ஆள் ஒரு சுவரைப் பார்த்து நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான். நான் பிடுங்கியது இன்டர்நெட் மோடத்தை. பேட்டரியில் பாதி அப்படியே இருந்தது.

கைப்பேசி அடித்தது. கேப்டன்தான்.

"தோத்துட்டோம் குரு. கரண்டு போயிடுச்சா?"

உண்மையைச் சொன்னால் நான் முட்டாள், பொய் சொன்னால் பேட்டரிக்குக் கெட்ட பேர். ஒரு விநாடிகூட யோசிக்காமல் பேட்டரியைக் கைவிட்டேன்.

"ஆமாங்க, சுத்தமாப் போயிடுச்சி. ஃபேன்கூட இல்லாம உக்காந்திருக்கேன்."

அப்போதுதான் மனைவி சுவிட்சைத் தட்டினாள். எண்ணெய் காணாத எங்கள் ஃபேன், தலைக்குமேல் கடகடவென்று கிளம்பியது.



"குரு, அது என்ன சத்தம்?"