சுந்தரியின் ஐந்து வாரப் பட்டினி

சுந்தரி சீறினால் தோஹா தொழில்பேட்டையில் லாரிகளெல்லாம் ஓரங்கட்டிவிடும். சரி, கூட்டித்தான் சொன்னேன். அவள் ஒன்றரை அடி நீளம். சீறினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல இருக்கும். பன்றிமூக்குப் பாம்பு. பின்பல்லில் லேசான விஷம், ஆளைக் கொல்லாது, வீங்கவைக்கும். அறையிலிருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஊருக்குப் போகையில் கண்ணாடிப் பெட்டியோடு விட்டுப்போனான். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக ஏசி மெக்கானிக் யேசுதாசன், குளச்சல்காரர், வளர்க்கிறார்.

ஐந்து வாரமாக அவள் எதையும் தொடவில்லை. யேசுதாசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டியூட்டிக்குக் கிளம்புமுன் அவளைச் சமையல் தராசில் நிறுப்பார். திரும்பி வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் மறுபடி நிறுப்பார். நூற்று முப்பது கிராம் நூற்றுப் பதினான்காகிவிட்டது.

“தராசுல ஏறி ஏறியே எளச்சிட்டுண்ணே,” என்றான் அறைத்தோழன் ராஜிக். “இந்த வெள்ளிக்கும் திங்கலைன்னா வக்ராவுல பாம்பு வளக்குறாரே, அவர்கிட்ட குடுத்துருவோம்.”

“குடுக்கதுக்கா நான் வளத்தேன்?”

“பட்டினி போடவா வளத்தீங்க?”

வெள்ளிக்கிழமை ராஜிக் ஜும்மா முடிந்து வந்தபோது, யேசுதாசன் ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளகவைத்த சுண்டெலிமேல் டப்பா டூனாவின் தண்ணீரைத் தடவிக்கொண்டிருந்தார். மீன் வாசனைக்கு மயங்காத ஜீவன் உலகத்தில் இல்லை என்பது குளச்சல் நம்பிக்கை. கிடுக்கியில் பிடித்து நீட்டினார். சுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனிதர் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். எடை இன்னும் இறங்கியிருக்குமோ என்ற பதற்றத்தில், கழுவாத கையாலேயே அவளைத் தூக்கினார்.

வாசனை விரலில் அல்லவா இருந்தது? மோதிர விரலைக் கவ்வி, வெற்றிலைபோல மெல்லத் தொடங்கினாள்.

“இழுக்காதீங்கண்ணே, பல்லு ஒடைஞ்சிரும்.”

“எனக்க வெரலப் பாருடே!”

ராஜிக் கிடுக்கியை எடுத்து எலியை அவள் மூக்கருகே ஆட்டினான். விரலை விட்டாள், எலியைப் பிடித்தாள். வீங்குமுன் மோதிரத்தை அவனே கழற்றிவிட்டான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவியபடி, எலியின் வால் நுனி உள்ளே போகும்வரை யேசுதாசன் கண்ணெடுக்கவில்லை.

சாயங்காலம் வீடியோ காலில் மனைவி அற்புதராணி கேட்டாள்: “மோதிரத்த எங்க? வெரலு ஏன் பூரி கணக்கா இருக்கு?”

“அத விடு. சுந்தரி தின்னுட்டா, கேட்டியா? நான் பொறுமையா இருந்து கையால ஊட்டினேன்.”

ராஜிக் திரைக்குள் தலையை நீட்டினான். “இல்லக்கா. எலிய ஊட்டுனது நான். அண்ணன் ஊட்டுனது வெரல.”