பழைய பாட்டுகளை வைத்து ஒரு படம் எடுத்தோம்

சினிமாவில் உதவி இயக்குநர் வேலை என்பது, யாரோ ஏசி அறையில் எடுத்த முடிவை வெயிலில் நடந்துபோய் இன்னொருவரிடம் சொல்லிவிட்டு வருவது. இந்த வேலையில் இருந்தவர்கள், இருக்கிறவர்கள், வெறுத்துப்போய் ஊரில் மளிகைக் கடை வைத்துவிட்டவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வாடகை குறைவு என்று திருநின்றவூரில் அறை எடுத்து, மின்சார ரயிலில் தொங்கியபடி கதை விவாதத்துக்குப் போய்வந்த எனக்கு இப்படி ஒரு படம் வாய்த்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியை மூடுகிறார்கள். வேலை போனவர்கள் சேர்ந்து மெல்லிசைக் குழு ஆரம்பிக்கிறார்கள். எண்பதுகளின் பாட்டுகளைக் கல்யாணம் கல்யாணமாகப் போய்ப் பாடி, சொதப்பி, சண்டை போட்டு, கடைசியில் ஜெயிக்கிறார்கள். முழுக்கச் சிரிப்பு. பாட்டெல்லாம் பழசு. படமே அதுதான்.

டிபன் பையோடு வந்தவர்

கதாநாயகிக்கு நடிகை வேண்டாம், நிஜமாகவே பாடுகிற ஒருவர் வேண்டும் என்றார் இயக்குநர். பட்டாபிராமில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து ஆள் தேடினோம். மதியத்துக்கு மேல் தேவகி அக்கா வந்தார். அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் பிசிறு இருக்கிறதா, பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்.

கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே ஒரு மழைப் பாட்டைப் பாடினார். பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடிவிட்டு வந்து நின்றார்கள். கல்யாணத்துக்கு முன்பு ஆவடிப் பக்கம் ஒரு குழுவில் பாடியவராம். இப்போது மகனே கல்லூரிக்குப் போகிறான். “இவ்வளவு நல்லாப் பாடுறீங்க, ஏம்மா விட்டீங்க?” என்று இயக்குநர் கேட்டார்.

“நான் எங்க சார் வுட்டேன்? கல்யாணம் கட்டிக்கினேன்.”

எழுந்து போகாத கூட்டம்

கதைப்படி குழுவின் முதல் கச்சேரி படுதோல்வி. தேவகி அக்கா பாட ஆரம்பித்ததும் கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து பந்திக்குப் போய்விட வேண்டும். திருமழிசையில் பக்கத்துத் தெருக்காரர்களையே பட்டுப்புடவை, வேட்டியோடு கூட்டிவந்து உட்கார வைத்தோம். அக்கா பாடினார். ஒருவரும் எழவில்லை. தொடையில் தாளம் போட்டார்கள். ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி எடுத்தோம். சிலர் எழுந்தார்கள், வாசல்வரை போனார்கள், அங்கேயே நின்று கேட்டார்கள்.

இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையில், ஓடிப்போய்க் கூட்டத்தின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். “பாட்டு பிடிக்காத மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டுப் போங்க, அவ்வளவுதான்” என்று கெஞ்சினேன். முன்வரிசையில் இருந்த பெரியவர், இன்னும் கொஞ்சம் நிலத்தில் நெல் போடுகிறவர், சலித்துக்கொண்டார்.

“அப்ப அந்தம்மாவ கொஞ்சம் கேவலமா பாடச் சொல்லு நைனா. எங்களால எய்ந்து போவ முடில.”

ஷேர் ஆட்டோ

அக்காவின் கணவர் ரவி, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் மேடை வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். இப்போது ஒத்திகையில் பதிந்த அக்காவின் பாட்டுகளை ஆட்டோவில் சத்தமாகப் போட்டுக்கொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் “நம்ம ஊட்ல பாடினது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். படம் வெளிவரும் முன்னே பாட்டு வெளியே போகக் கூடாது என்று தயாரிப்பாளர் தரப்பில் கோபப்பட்டார்கள். வழக்கம்போல் என்னை அனுப்பினார்கள். பருத்திப்பட்டு நிறுத்தத்தில் அவரைப் பிடித்து, தயங்கித் தயங்கிச் சொன்னேன். பாட்டை நிறுத்தினார்.

“அப்ப பாடாதேன்னு நான் சொன்னேன். இப்ப போடாதேன்னு நீ சொல்ற. எப்பதான்பா அது பாடுறது?”

அந்தக் காலத்துக் குரல்

படம் முடிந்து எடிட்டிங்கில் இருந்தபோது செய்தி வந்தது. பழைய பாட்டுகளுக்கு உரிமை தர மறுத்துவிட்டார்கள். கிடைத்துவிடும் என்று நம்பித்தான் எடுத்திருந்தோம். எல்லாப் பாட்டையும் தூக்கிவிட்டு, அக்காவின் வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி புதுப் பாட்டுகள் போடுவது என்று முடிவாயிற்று. பாடலாசிரியர் திரையைப் பார்த்துப் பார்த்து, வாய் திறக்கிற இடத்தில் ‘ஆ’ வருகிற வார்த்தையாகத் தேடினார்.

புதுப் பாட்டையாவது அக்காவே பாடட்டும் என்று இயக்குநரிடம் மன்றாடினேன். சம்மதித்தார். வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில், காதுக்கு ஹெட்போன் மாட்டி, அக்கா அரை நாள் நின்று பாடினார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இசையமைப்பாளர் சின்னப் பையன் மாதிரி இருந்தாலும் மரியாதையானவர். அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து என் பக்கம் குனிந்தார்.

“பிரமாதமான குரல் ப்ரோ. ஆனா அந்தக் காலத்துப் பாட்டு மாதிரியே கேக்குது.”

கம்பெனி வாசலில்

வேறொரு பாடகி பாடினார். அதை யார் போய்ச் சொன்னது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று சொன்னேன். போனில் சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை. அக்காவின் புடவையில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடி கேட்டார். உள்ளே மணி அடித்தது.

“மூஞ்சியாவது என்னுதுதானே தம்பி? கம்பெனில எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்.”

ஆவடி தியேட்டர்

படம் வந்தது. மோசமில்லை, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா தன் செக்கிங் வரிசைப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ரவி அண்ணன் ஆட்டோ சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கடைசிக் கச்சேரிக் காட்சியில் அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. அந்த நரம்பு புடைத்த கழுத்து, மூடிய கண், எல்லாம் படப்பிடிப்பில் அவர் பாடிய அந்த மழைப் பாட்டுக்கானது. காதில் விழுந்தது வேறு பாட்டு, வேறு தொண்டை. ரவி அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கும் போய்விட வேண்டும்போல இருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர், யாரோ எவரோ, பாப்கார்னை என் பக்கம் நீட்டினார்.

“சூப்பரா வாயசைக்குது பாரு பிரதர் அந்தம்மா. நெஜமாவே பாடுற மாதிரியே கீது.”

அடுக்குமாடி விழா

சில மாதம் கழித்து பட்டாபிராமில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் விழா. ஐடிக்காரர்கள் நிறைய இருக்கிற இடம். ‘படத்தில் பாடிய அம்மா’ என்று தேவகி அக்காவை மேடைக்கு அழைத்திருந்தார்கள். நானும் போனேன். பட்டுப்புடவையில் மைக்கைப் பிடித்து, மழைப் பாட்டை ஆரம்பித்தார். நாலு வரி போவதற்குள் கீழேயிருந்து, “ஆன்ட்டி, உங்க படத்துப் பாட்டு! உங்க படத்துப் பாட்டு!” என்று குரல்கள்.

பாட்டை நிறுத்தினார். பிறகு புதுப் பாட்டையே பாடினார். கைப்பேசியில் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். அந்தப் பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில்கூட இவரும் மூச்சு வாங்கினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இறங்கி வந்தவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டு சிரித்தார்.

“என் வாயில அவங்க பாடுனாங்க. இப்ப அவங்க பாட்ட என் வாய் பாடுது. சரியாப் பூடுச்சு, வுடு தம்பி.”

எங்கள் படத்தை ‘மனசை லேசாக்கும் படம்’ என்று எல்லோரும் எழுதினார்கள். பார்த்தவர்களைக் கேட்டு எழுதியிருப்பார்கள், எடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை.