வயர்லெஸ்ஸில் சொல்லாத சொல்

நெடுந்தீவில் நாங்கள் ஒருவரும் "போறன்" என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டு இறங்குவதில்லை. "போட்டு வாறன்" என்றுதான் சொல்லுவோம். வருத்தக்காரரைப் பார்க்க வந்தவர் "எப்பிடி?" என்று கேட்டால், ஆளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாலும் "பறவாயில்லை" என்பதுதான் பதில். கெட்ட சொல்லை வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்ற பயம். இந்தப் பழக்கத்தைப் பற்றி யாராவது என் முன்னால் பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவுக்கு மாத்தறைப் பக்கம் ஒரு கடை இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் அதை எரித்துவிட்டார்கள். அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு, உடுத்த உடுப்போடு தீவுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து கொண்டுவந்தது சிங்களம் மட்டும்தான். நான் அப்போது சின்னப்பிள்ளை. எனக்குத் தெரிந்த கொஞ்சமும் மறந்துபோனது. அம்மாவுக்கு நன்றாக விளங்கும். தொண்ணூறுக்குப் பிறகு இறங்குதுறையடியில் நேவி காம்ப் போட்டபோது, ஊரில் யாருக்கு என்ன அலுவல் என்றாலும் பேசுவதற்கு அப்பாவைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். வயர்லெஸ் செற்றில் இருந்த நேவிப் பெடியனும் மாத்தறைப் பக்கத்தவன். அப்பாவை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவான். கடையில்லாத முதலாளி என்று அம்மா சிரிப்பார்.

பொழுதுபட்ட பிறகு எங்கள் வள்ளம் எதுவும் கடலில் இறங்கக்கூடாது. இறங்கினால் சுடுவார்கள். யாருக்காவது கடும் வருத்தம் என்றால் காம்பில் சொல்லவேண்டும். அவர்கள் செற்றில் காரைநகர் நேவித் தளத்துக்கு அறிவிப்பார்கள். அங்கிருந்து மருந்துப்பெட்டியோடு ஒரு நேவிக்காரனும் படகும் வந்து, ஆளை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும்.

சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளித்த ஒரு நாள், பொழுதுபடுகிற நேரம் அம்மாவுக்கு வயிற்றுக்குத்து தாங்க ஏலாமல் போனது. வயிறு கல்லாய் இறுகிக் கிடந்தது. சாய்மனைக் கதிரையில் இருத்தி, அயலவர்களோடு தூக்கிக்கொண்டு காம்புக்குப் போனோம். செற் மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே கதிரையை இறக்கினோம்.

பெடியன் பொத்தானை அழுத்திச் சிங்களத்தில் ஏதோ சொல்லி, "ஓவர்" என்று விட்டான். இரைச்சலுக்குள்ளால் அந்தப் பக்கத்துக் குரல் வந்தது. பெடியன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டான். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். பெடியன் சத்தத்தைக் குறைத்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டான். அப்பாவும் அதே பதிலைத்தான் சொன்னார்.

அம்மா என் கையைப் பிடித்தார். "ஆள் செத்துப்போகுமோ எண்டு கேக்கிறாங்கள். உன்ரை அப்பா, 'இல்லை, கொஞ்சம் சுகமில்லை' எண்டு சொல்லிப்போட்டார். அப்ப எனக்குப் பெரிசா ஒண்டுமில்லை, என்ன?"

"ஒண்டுமில்லையம்மா."

அவருடைய முகம் தெளிந்தது. அந்த முகம்தான் இன்றுவரைக்கும் எனக்கு நினைவில் இருக்கிறது.

இந்தக் கடலில் உயிர் போகிற ஆளுக்கு மட்டும்தான் படகு இறக்கலாம், மற்றவர்களுக்கு விடியத்தான் என்று காரைநகரிலிருந்து பதில் வந்தது. அம்மாவைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

சொன்னபடி விடிய வந்தார்கள். அம்மாவின் கைகால் அதற்குள் குளிர்ந்துவிட்டிருந்தது. நயினாதீவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய இடத்தில், படகுத் தட்டிலேயே மூச்சு நின்றது. மருந்துப்பெட்டிக்காரன் அப்பாவிடம் ஏதோ கேட்டான். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டானாம். செத்தவீடு முடிந்தபிறகுதான் அப்பா எனக்கு அதைச் சொன்னார். பெண்சாதி கேட்டுக்கொண்டிருக்க, அவள் சாகப்போகிறாள் என்று எப்படிச் சொல்லுவது என்று என்னிடமே கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அதன் பிறகு அப்பா ஆளே மாறிப்போனார். ஊரில் யாருக்காகச் செற்றடிக்குப் போனாலும், பெடியன் கேட்க முதலே "மெரெனவா" என்பார். சாகுது என்று அர்த்தம். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, குழந்தைக்கு வலிப்பு, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். படகு வரும். போனவர்கள் பெரும்பாலும் சுகமாகித் திரும்பிவந்தார்கள். ஆனாலும் சனம் அப்பாவைக் கரிநாக்கன் என்றது. "அண்ணை, என்ரை பிள்ளைக்கு அந்தச் சொல்லைச் சொல்லாதையுங்கோ" என்று ஒரு தாய் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதை நான் பார்த்தேன். அப்பா அதைக் காதில் வாங்காமல் செற்றடிக்குப் போய் அதைத்தான் சொன்னார்.

பிறகு ஒரு மாரி இரவில் அப்பாவுக்கே நெஞ்சுக்குத்து வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, கடலும் கொந்தளித்துக் கிடந்தது. அதே சாய்மனைக் கதிரையில்தான் கொண்டுபோனோம். செற்றில் வேறு பெடியன். அவனும் அதே கேள்வியைக் கேட்டான். இத்தனை காலம் கேட்டுக் கேட்டு எனக்கும் அது விளங்கியது. அப்பாவின் முகம் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, அம்மாவுக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னார். கொஞ்சம் சுகமில்லை.

பெடியன் பொத்தானில் விரலை வைத்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து "மெரெனவா" என்றேன். "அப்பா மெரெனவா." அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

படகு வந்தது. அந்தக் கடலிலும் விடிய முதல் வந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலடியில் இருந்து சோடா உடைத்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல் எப்பிடி இருந்தது, பிள்ளை?"

"சரியான மோசம், அப்பா."

"அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அண்டைக்கு மாதிரியோ?"

"அதைவிட மோசம்."

போத்தலின் வாயைக் கையால் துடைத்தார். "அப்ப, சொல்லியிருந்தா வந்திருப்பாங்கள், என்ன?"

பறவாயில்லை அப்பா, அதை விடுங்கோ என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் அம்மாவைப் பறிகொடுத்தோம்.

"ஓமப்பா," என்றேன்.

அப்பா போத்தலை என்னிடம் தந்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.